செருப்புக்குக் காவல்

நூற்று எண்பதாவது படியில் அவள் நின்றாள்.

களைப்பு எங்கே என்று தேடினாள். வரக் காணோம்.

மூச்சு வாங்கியது. அது வாங்கத்தான் செய்யும். கண் இருட்டவில்லை. கால் துவளவில்லை.

இன்னும் முந்நூற்று நாற்பது படிகள் இருந்தன.

ஒன்பது வருடங்களாக இந்த மலைக்கு வருகிறாள். வந்து அடிவாரத்தில் உட்காருகிறாள். கணவரும் அவர் தம்பி குடும்பமும் முருகனைப் பார்க்கப் போவார்கள். அவள் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வாள். குடும்பமே கூடி அவளுக்கு மனமுவந்து கொடுத்த பதவி அது.

முதல் வருடம் மட்டும் ஏறிப் பார்த்தாள். இருபதாவது படியில் மயங்கி விழுந்தாள். கணவர்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார். தைராய்டு குறைவு என்று பிறகு ரத்தப் பரிசோதனை சொன்னது. அன்றிலிருந்து அவள் மாடிப்படியில் கால் வைத்தாலே அவருக்குப் பயம்.

மாத்திரை விழுங்கினாள். வருடா வருடம் அளவு கூடியது. உடம்பு மசியவில்லை. மாத்திரையைத் திட்டாத நாள் இல்லை.

போன வருடம் வந்த புது டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எதோட முழுங்குறீங்க?”

“காபியோடதான்.”

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். காபி மாத்திரையை உடம்பில் சேரவே விடாதாம்.

இனி வெறும் வயிறு, வெறும் தண்ணீர். அப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் காபி கூடாது.

அந்த ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. டிகாஷன் வாசனை பிராணனை வாங்கியது. தெருவில் இறங்கி நடந்தாள். முதலில் பால் பூத் வரைக்கும். பிறகு தண்ணீர்த் தொட்டி வரைக்கும். அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார் டாக்டரம்மா. கூட்டினாள். ஆறாவது மாதம் ரயில்வே மேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்கினாள். கணவரிடம் நடப்பதைச் சொல்லியிருந்தாள். படிகளைச் சொல்லவில்லை.

இன்று காலையும் அவர் எல்லாச் செருப்புகளையும் அவள் முன்னால் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் தன்னுடையதையும் கழற்றி அந்த வரிசையில் வைத்தாள்.

“போயிட்டு வாங்கக்கா. செருப்பு எங்க ஓடிப் போகுது?” என்றாள் பூக்காரி பஞ்சவர்ணம்.

முந்நூறாவது படி.

காற்று வந்தது. கழுத்து ஜில்லென்றது. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

வியர்வை.

சித்திரை வெயிலிலும் போர்வை கேட்ட உடம்பு இது. இத்தனை வருடம் இவ்வளவு தண்ணீரை எங்கே வைத்திருந்தது? ஒரு சொட்டு நெற்றியிலிருந்து இறங்கி உதட்டுக்கு வந்தது. உப்புக் கரித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

நானூறு.

அதற்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. தவறினால் தவறட்டும் என்று ஏறினாள்.

ஒரு திருப்பத்தில் கீழே ஏரி தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் இறங்கி வந்தவர்கள் அந்த ஏரியைப் பற்றிச் சொல்வார்கள். இவ்வளவு பெரியது என்று ஒருவரும் சொன்னதில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

பிறகு படிகள் தீர்ந்துபோயின.

சன்னதியில் திரை போட்டிருந்தது. கூட்டத்தின் கடைசியில் கணவர் நின்றுகொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றாள்.

திரும்பியவரின் முகம் வெளுத்தது.

“நீயா? யாரு தூக்கிட்டு வந்தா?”

பதில் சொல்ல மூச்சு போதவில்லை. அவர் கையைப் பிடித்து, விரல்களைத் தன் மணிக்கட்டில் வைத்தாள்.

அங்கே ரத்தம் குதித்து ஓடிக்கொண்டிருந்தது.

திரை விலகியது. மணி அடித்தது. முருகா முருகா என்று கூட்டம் முழுவதும் கைகள் உயர்ந்தன.

அவர் கும்பிடவில்லை. விரல்களை எடுக்கவில்லை.