வேலிக்கு அந்தப் பக்கம்

உரும்பிராயில் தவமலரின் காணியை அளப்பது இது மூன்றாவது தடவை. சேவையர் கருவியை மடக்கினான்.

"வேலி திரும்பவும் உங்கடை காணிக்குள்ளை ஓரடி வந்திட்டுது, அன்ரி. பக்கத்து வீட்டுக்காரர் கதியாலைத் தள்ளி நட்டிருப்பினம்."

"அந்த வீட்டு அம்பலவாணரண்ணை குடும்பம் கடைசி யுத்தத்திலை முழுக்கச் செத்துப்போச்சுது, தம்பி. பிறகு ஆர் நடுகிறது? எறும்போ?"

எல்லைக்கல் அசையவில்லை. வேலிதான் நகர்ந்திருந்தது. இன்னும் ஓரடி வந்தால் அவளுடைய கிணறு அந்தப் பக்கம் போய்விடும்.

மதில் கட்டும் மேசன் தை மாதம்தான் வருவான். அதுவரை பொறுக்க முடியாமல், கூலிக்கு ஆள் பிடித்துக் கல்லுக்கு நேராகக் கதியால் கம்புகளை நட்டுவித்தாள். கூலியாள் போனபின், கம்புகளில் பின்னிய தென்னோலைக் கிடுகுகளைக் கட்டத் தொடங்கினாள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குத்தூசியைக் குத்த, மறுபக்கம் நிற்பவர் கயிற்றைக் கோத்துத் திருப்பிவிட வேண்டும். கணவன் இறந்தபின் அவளுக்கு மற்ற ஆள் இல்லை. குத்திவிட்டு, ஒழுங்கைப் பாதையால் சுற்றி அந்தப் பக்கம் ஓடிப்போய்க் கோத்து, மறுபடி ஓடிவந்து இழுத்தாள். நான்காவது முடிச்சோடு ஓடுவதை நிறுத்திவிட்டாள்.

"வேலியை மட்டும் தள்ளத் தெரியுது! சும்மா நிண்டு பாக்காமல் கோத்து விடுங்கோவன், அண்ணை!" என்று ஆளில்லாத பக்கத்து வளவைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஊசியைக் குத்தினாள்.

ஊசி கயிற்றோடு திரும்பி வந்தது.

எரிச்சலில் யோசிக்காமல் முடிச்சுப் போட்டாள். அப்போது வேலி மெல்லக் கிணற்றுப் பக்கம் சாய்ந்தது. தவமலர் தோளைக் கொடுத்து எதிர்த்துத் தள்ளினாள். கிடுகுக்கு அந்தப் பக்கம், தோளுக்கு நேரே, வயதான ஒருவருக்கு மூச்சு வாங்கியது.