கிருமி வந்த வழி

“வீட்டுல ஆமை, ஓணான், பாம்பு... இந்த மாதிரி ஏதாவது வளர்க்குறீங்களா?”

டாக்டர் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு மாதக் குழந்தை காய்ச்சலும் பேதியுமாய்த் துவண்டு கிடக்கிறது, கேட்கிற கேள்வியைப் பார்!

“ஐயையோ, பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறிடுவேன் டாக்டர்! பால் புட்டியைக்கூட மூணு தடவை கொதிக்க வைக்கிறவ நான்.”

“பாப்பாவுக்கு வந்திருக்கிற கிருமி பெரும்பாலும் ஆமை, ஓணான்கிட்டேருந்து வர்ற ரகம். குழந்தை அதைத் தொடணும்னுகூட இல்ல. தொட்டவங்க கையிலயும் துணியிலயும் ஒட்டிக்கிட்டு வரும். எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, மறுபடி இங்கதான் வந்து நிப்பீங்க. இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காதும்மா.”

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அவள் பாப்பாவைத் தொடுகிறவர்கள் யார் யார் என்று யோசித்தாள். சட்டென்று பொறி தட்டியது.

மாடி வீட்டு அக்கா! அவள் வேலைக்குப் போகும்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் வீட்டில் கண்ணாடித் தொட்டியில் ஆமை இருந்ததே!

கைபேசியை எடுத்தாள். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்த கணவன், “இப்ப எதுக்கு...” என்று இழுத்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அக்கா, உங்க ஆமையாலதான் எம்புள்ள இப்படிக் கிடக்குது! அதைத் தொட்ட கையோட தூக்கினீங்களா?”

“என்னம்மா சொல்ற? பாப்பாவைப் பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்ட அன்னைக்கே அதைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டேனே!”

“பொய்! இனிமே எங்க வாசப்படி மிதிக்காதீங்க!”

மறுமுனையில் அழுகை கேட்டது. கணவன் கைபேசியைப் பிடுங்கி அணைத்தான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

“அவங்கள விடு. பாவம் அவங்க.”

“பரிஞ்சு பேசறீங்களா? பெத்த புள்ளையவிட அவங்க முக்கியமாப் போயிட்டாங்களா? வேற எங்கேருந்து வரும், உங்க பேங்க்லேருந்தா?”

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பேங்க்ல என்னை நிறுத்தி நாலு மாசமாச்சு. தினமும் நான் போறது மீனும் ஆமையும் விக்கிற கடைக்கு... தொட்டி கழுவ.”