ஆறு மாதம் முடிவதற்குள்

கணக்கியல் மாலை வகுப்புக்கு இடைவேளை. மற்றவர்கள் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே புக்காரெஸ்டின் மேல் பனி விழுகிறது. சுவரோரச் சூட்டுக் குழாய் டொக் டொக்கென்கிறது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் ருக்சாந்த்ரா, நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, ஒரு புறம் ‘வீடு’, மறு புறம் ‘வேலை’ என்று எழுதியிருக்கிறாள். குழந்தையோடு வீட்டிலேயே இருந்தால் விடுப்புப் பணம் மட்டும்தான். குழந்தைக்கு ஆறு மாதம் முடிவதற்குள் வேலைக்குத் திரும்பினால், சம்பளத்தோடு அரசு தரும் ஊக்கத்தொகை அதிகம். பிறகு திரும்பினால் குறைவு. இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. மேசையில் சாய்த்து வைத்த கைப்பேசியில், இத்தாலியில் கட்டட வேலை செய்யும் அவள் கணவன் வாலெரியு தலைக்கவசத்தோடு தெரிகிறான்.

“என்னம்மா நிதியமைச்சரே, எவ்வளவு வருது?”

“இருய்யா, இவ பார்த்துக்கிட்டு இருக்கா.”

பார்ப்பது, வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் நான்தான். மூன்று முறை கூட்டியாகிவிட்டது. என் கூட்டலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான்காவது முறையும் கூட்டுகிறேன். வேலைப் பக்கம்தான் பல நூறு லெய் அதிகம். சொல்கிறேன்.

“அப்புறம் என்ன யோசனை? குட்டிய காப்பகத்துல சேர்த்துட்டுப் போ,” என்கிறான் வாலெரியு. பின்னால் யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். திரை கறுத்துவிடுகிறது. ருக்சாந்த்ரா கம்பளிச் சட்டையை இழுத்து மார்பை மூடிக்கொள்கிறாள். உள்சட்டையில் பால் கசிந்து வட்டமாக நனைந்திருக்கிறது. ரப்பரை என் பக்கம் தள்ளுகிறாள்.

“எங்கயாவது தப்பு இருக்கும்டி. நல்லாப் பாரு.”

இந்த ஒரு முறையாவது நான் தப்பாகக் கூட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தபடி, மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறேன்.