அண்ணே என்று கூப்பிட்ட சுண்டன்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையை எலி கடிக்கட்டும்.

வரப்பு வளைக்குள் நாற்பது எலிகள் பசியோடு கிடந்தன. களத்தில் நெல் இருந்தது. காட்டுப்பூனையும் இருக்கிறதா என்று வேவு பார்க்கச் சுண்டன் போயிருந்தான். வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே காவலிருந்தான் கொழுக்கன்.

"வேப்பமர நிழல் வரப்பைத் தொடுறதுக்குள்ள நான் வரலேன்னா, வாசலைத் திறக்காதேடா தடிமாடு" என்று சொல்லிவிட்டுத்தான் சுண்டன் கிளம்பினான். வாயைத் திறந்தால் அவனுக்கு வசவுதான் வரும்.

கொழுக்கன் மண்ணிடுக்கில் பார்த்தான். நிழல் வரப்பைத் தொட்டுவிட்டது. அப்போது வெளியே சுண்டனின் குரல் கேட்டது.

"கொழுக்கன் அண்ணே, களத்துல பூனையே இல்லைங்க. கொஞ்சம் திறக்கிறீங்களா?"

கொழுக்கனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுண்டனாவது, அண்ணே என்பதாவது! அப்படியென்றால் சுண்டனின் வால்மேல் பூனையின் பாதம் இருக்கிறது.

கொழுக்கனும் குழைந்தான். "வாங்க தம்பி! இங்கே மண்ணு இறுகிப்போச்சு. நாங்க நாற்பது பேரும் பின்வாசல் வழியா வர்றோம்."

வரப்பின் மறுபக்கத்தை நோக்கி நான்கு கால்கள் பாய்ந்தோடும் சத்தம் கேட்டது. அந்த வளைக்கு ஏது பின்வாசல்? கொழுக்கன் மண்ணைத் தள்ளினான். நசுங்கிய வாலோடு சுண்டன் உள்ளே வந்து விழுந்தான்.

"மண்ணைத் தள்ள இவ்வளவு நேரமாடா, தடிமாடு?"

அதைக் கேட்டபிறகுதான் கொழுக்கனுக்கு உயிர் வந்தது.

இதை யார் சொன்னதென்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். பூனை இன்னும் அந்தப் பின்வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறது.