புல்லுக்கும் கையுறைக்கும் நடுவே

"பந்து தரையில குத்தித்தான் வந்துச்சு டுவைட்! ஓடிப்போய் இந்தக் கண்ணால பார்த்தேன்!"

மில்வாக்கி பேஸ்பால் மைதானத்தின் அடியில் இருந்த அம்பயர்கள் அறையில், லியோ பிலார்ஸ்கி தொப்பியைக் கழற்றிச் சுவரில் விட்டெறிந்தார்.

தொலைக்காட்சியில் அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. ஆட்டக்காரன் பாய்ந்து விழுந்து, பந்தோடு கையுறையைத் தூக்கிக் காட்டுகிறான். லியோ இரு கைகளையும் விரித்து, கேட்ச் இல்லை என்கிறார். அப்புறம் நியூயார்க்கில் ரீப்ளே பார்க்கும் அறையிலிருந்து அவர் காதுக்கு உத்தரவு வருகிறது: கேட்ச்தான், அவுட். அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் தன் தீர்ப்பைத் தன் வாயாலேயே மாற்றிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

"இந்த வருஷம் உங்க தீர்ப்பு ஒண்ணுகூட மாறலையே லியோ. இறுதித் தொடருக்கு உங்க பேருதான் அடிபட்டுச்சு," என்றான் இளைய அம்பயர் டுவைட்.

"இனிமே எங்க அடிபடும்? இந்த வருஷத்தோட ரிட்டயர் ஆகறேன். ஒரு தடவையாவது இறுதித் தொடர்ல நிக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்! வாயில மண்ணைப் போட்டாச்சு!"

"மேலே புகார் குடுங்க. நான் சாட்சி சொல்றேன்."

"ஏசி ரூம்ல உட்கார்ந்து, காபி குடிச்சுக்கிட்டு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தா யாரு வேணா தீர்ப்பு சொல்லலாம். வெயில்ல ஓடினவன் முட்டாளா? கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேண்டாம்?"

டுவைட்டுக்கும் ரத்தம் கொதித்தது. குடித்துக்கொண்டிருந்த பீரைக் கீழே வைத்தான். "உங்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்புன்னு அங்க இருக்கிறவனுக்குத் தெரியாதா?"

"நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் பண்ணியிருக்கு அந்த ஜென்மம்!"

"அப்போ இது அயோக்கியத்தனம் லியோ! கண்ணும் சரியில்ல, நேர்மையும் இல்ல. அவனையெல்லாம் ஒரு அம்பயர்னு அந்த நாற்காலியில..."

லியோ விருட்டென்று எழுந்து டுவைட்டின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"வாயை அடக்கு! பந்து தரையில படவே இல்லடா, படத்துல நீயும்தானே பார்த்தே? பெத்த அப்பன்னுகூடப் பார்க்காம 'அவுட்'னு சொல்லியிருக்கா என் பொண்ணு. அவளா நேர்மை இல்லாதவ?"