நரம்பு சொன்னால் எலும்பு கேட்கும்

“இன்னும் நாலு கொடந்தான். தூக்குங்க” என்றாள் பொன்மணி.

சீனிச்சாமிக்கு மூச்சு வாங்கியது. “ஒரு மாசமா மாடிக்கு நாந்தான் தண்ணி சுமக்கேன். கொழாயடியில பொம்பளைக பூராம் சிரிக்காக. கம்பெனியில பட்டாசுப் பெட்டி தூக்குறது பத்தாதா?”

“அது கம்பெனி பாரம். டாக்டரம்மா சொன்னத மறந்துட்டீகளா? பாரம் ஏறுனா நரம்புக்குத் தெரியும். நரம்பு சொன்னாத்தான் எலும்பு பலமாகும்.”

போன மாதம் கம்பெனியில் நடந்த முகாமில் இருவருக்கும் எலும்பைச் சோதித்திருந்தார்கள். அன்று சீனிச்சாமி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்ததால், பொன்மணிதான் டாக்டரிடம் ரிசல்ட் கேட்டு வந்தாள்.

குடம் தூக்கிய மறுநாள், மறுபரிசோதனைக்காக இருவரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். குடம் சுமந்த கதையைக் கேட்டதும் அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“உங்களுக்கு எலும்பு இரும்பு மாதிரி இருக்கே, உங்களை யாரு சுமக்கச் சொன்னது? எலும்பு தேய்ஞ்சிருக்கது உங்க சம்சாரத்துக்கு!”

சீனிச்சாமி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

பொன்மணி அசரவில்லை. “நரம்பு சொல்லும், எலும்பு கேக்கும்னு நீங்கதான டாக்டரம்மா சொன்னீக? எங்க வீட்ல சொல்றது நான், கேக்குறது அவுக.”