ரெண்டு அம்மா வழக்கு

"உங்க தங்கச்சியும் மனு போட்டிருக்காங்கம்மா. குழந்தை தனக்குத்தான் வேணுமாம்."

வக்கீல் சொன்னதும் பெரியவளுக்குக் கோர்ட் வராந்தாவே ஒரு சுற்று சுற்றியது.

"அவளா? அவ எதுக்கு சார்?"

"கருமுட்டை அவங்க குடுத்ததுதானே? டி.என்.ஏ. டெஸ்ட்படி அவங்கதான் அம்மா. உங்க வீட்டுக்காரர் பிடிச்ச பாயிண்ட்டையே அவங்களும் பிடிச்சுட்டாங்க."

விவாகரத்து கேட்ட கணவன், மகளையும் கேட்டிருந்தான். 'இவள் சுமந்ததோடு சரி. குழந்தைக்கும் இவளுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது' என்பது அவன் வாதம். அந்த வலி பழகிவிட்டது. ஆனால் சின்னவளுமா?

பிள்ளை இல்லையே என்று இவள் தவித்தபோது, "என்கிட்ட இருக்கறது உனக்கு இல்லாம போயிடுமாக்கா?" என்று சொல்லி, பஸ் ஓட்டுகிற வேலைக்கு லீவு போட்டு, ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொண்டவள் அவள். கொஞ்ச நாளாகப் போனை எடுக்காததற்கு இதுதான் காரணமா?

பெரியவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வைக்கெல்லாம் லென்ஸ் மாட்டத் தெரிந்தவளுக்குக் கூடப்பிறந்தவளை அடையாளம் தெரியாமல் போய்விட்டதே.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

டிரைவர் யூனிஃபார்மிலேயே வந்திருந்த சின்னவள், அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

"என்னம்மா, குழந்தை உங்களோடதுன்னு சொல்றீங்களா?" என்றார் நீதிபதி அம்மா.

"நான் சொல்லல மேடம், டெஸ்ட் சொல்லுது. ரத்த சம்பந்தம் இருந்தாத்தான் அம்மான்னு மாமா சொல்றார். அந்தக் கணக்குப்படி நான்தானே அம்மா? பொண்ணை என்கிட்ட குடுத்துடுங்க."

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெஞ்சில் இருந்த ஒரு பெண்மணி, "சொந்த அக்கா வயித்துலயே அடிக்கறாளே" என்று முணுமுணுத்தாள்.

கணவனின் வக்கீல் விருட்டென்று எழுந்தார். "இதை ஏத்துக்கவே முடியாது மேடம். முட்டை குடுத்தவங்க எல்லாம் அம்மா ஆயிட முடியுமா? வயித்துல சுமந்து, பெத்து, பால் குடுத்து வளர்த்தவங்கதான் அம்மா."



கணவன் அவர் கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள், நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பெத்து வளர்த்தவங்கதான் அம்மா. அப்படித்தானே சொன்னீங்க?"

வக்கீல் அவசரமாக ஃபைலைப் புரட்டினார். 

"போன வாய்தாவில நீங்க வேற மாதிரி சொன்னீங்களே. சரி, உட்காருங்க." அவர் சின்னவளிடம் திரும்பினார். "உங்க மனுவுக்கு என்னம்மா சொல்றீங்க?"

"வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்." முதல் தடவையாக அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "இதை அவங்க வாயாலயே சொல்ல வைக்கத்தான் போட்டேன். அக்காகிட்டகூடச் சொல்லல, அவளுக்கு நடிக்க வராது. நான் வெறும் சித்திதான் மேடம். குழந்தையோட அம்மா, அதோ அழுதுட்டு உட்கார்ந்திருக்காளே, அவதான்."